ஷூயுன் காசித்தும்பைக்கு எத்தனை வாசல்?

நுண்ணோக்கித் திரையில் இரண்டு மகரந்தத் துகள்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் கிடந்தன. இரண்டுக்கும் நான்கு மூலை, மூலைக்கொரு வாசல் என்கிற துளை, மேலே ஒரே வலைப்பின்னல். ஆய்வகத்தில் தற்காலிக வேலையில் இருந்த சாங் வென்போ கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான்.

ஒன்று, சீனாவின் குன்மிங் நகர ஓடைக்கரைகளில் மண்டிக் கிடக்கும் சாதாரணக் காசித்தும்பை. மற்றது, ஆய்வகத் தலைவர் பேராசிரியர் தாவ் இளமையில் கண்டுபிடித்து, தனி இனம் என்று அறிவித்து, ‘ஷூயுன்’ என்று பெயர் வைத்தது. ஷூயுன் யாரென்று அவர் எழுதவில்லை. மனைவியைத் தவிர யார் பெயரை ஒரு மனிதன் பூவுக்கு வைப்பான்? அந்த அம்மாளை ஆய்வகமே ‘ஆசிரியரம்மா’ என்றுதான் அழைக்கும். பெயரைச் சொல்ல எவனுக்குத் துணிச்சல்?

இலையும் இதழும் ஏற்கனவே ஒன்றுதான். மகரந்தமும் ஒன்றென்றால் சாதாரணச் செடியின் பழைய பெயரே நிற்கும், ஷூயுன் அழிந்துபோகும். தாவ் ஓய்வு பெறுவதற்குள் கையெழுத்துப் போட்டால்தான் சாங்குக்கு நிரந்தர வேலை. ஆசிரியரம்மாவை அழித்தவனுக்கா போடுவார்?

துகளைக் கொஞ்சம் சாய்த்துப் படமெடுத்தான். ஒரு வாசல் மறைந்து மூன்று தெரிந்தது.

நுண்ணோக்கியை இயக்கும் குவோ அக்கா எட்டிப் பார்த்தாள். “மூணு வாசலா? அப்ப இது நம்ம நாலு வாசல் கூட்டத்துலயே சேராதேப்பா.”

“அதான்க்கா புதுசே,” என்றான் சாங்.

வேறு கூட்டம் என்று சொன்ன பிறகு சொந்தபந்தம் காட்ட வேண்டுமே. நான்கு வாசல் செடிகள் இன்னும் சிலவற்றையும் சாய்த்துப் படமெடுத்து, காசித்தும்பைக் குடும்பத்தின் மொத்த வம்ச வரைபடத்தையும் மாற்றி வரைந்தான். ஒரு பொய்க்குச் சம்பந்தி தேடுவது கல்யாணத்துக்குத் தேடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. விஷயம் ஆய்வு நிறுவன இயக்குநர் காதுக்குப் போய், தாவின் வழியனுப்பு விருந்திலேயே அறிவிக்க உத்தரவாயிற்று. அந்த மூன்று வாசல் படத்தையும் கதவளவுக்கு அச்சடித்தார்கள்.

சாங் எழுதிய கட்டுரையைத் தாவ் படித்துவிட்டு, நன்றாகப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டார். கண் வலிக்கப் பார்த்ததாகச் சாங் சொன்னான். அவர் பெருமூச்சு விட்டதை ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டான்.

விருந்தில் ஆவியில் வெந்த கோழியும் சாராயமும் சுற்றி வந்தன. சாங் கோப்பையை இரண்டு கையாலும் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு ஆசிரியரம்மா முன்னால் போய் நின்றான்.

“அம்மா, ஷூயுன்கிற பேரை இனிமே யாராலயும் அசைக்க முடியாது.”

அவர் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார்.

“தம்பி, என் பேரு ஹுய்லான். ஷூயுன் இவரோட மொத சம்சாரம். அந்தப் பேர் அழிஞ்சா உனக்குக் கையெழுத்துன்னு இவர்கிட்ட நான்தான் பேசி வச்சிருந்தேன்.”