சோலைமலை லூசாக்கி வைத்த சைக்கிள்

வாசகரே, 'லூசாக்கி வைத்தவர்' என்றொரு பிறவி உண்டு. இறுகிப்போன சாமானைத் திறப்பவரல்ல அவர். திறந்தவருக்குப் பக்கத்தில் நிற்பவர். ஒரு ஜாம் போத்தலைக் கொடுத்துப் பாருங்கள். பல்லைக் கடித்து, முகம் சிவந்து, மூடியைத் துணியால் சுற்றி, கதவிடுக்கில் வைத்து நெம்பி, கடைசியில் "கம்பெனியிலயே கோணலா மூடிட்டாங்க" என்று உங்களிடமே நீட்டிவிடுவார். நீங்கள் ஒரு திருகு திருகியதும் 'டப்'. அந்தச் சத்தம் அடங்குமுன் அவர் வாய் திறந்துவிடும்.

"நான் லூசாக்கி வச்சேன்ல!"

நானுஓயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இந்த இனத்தின் தலைமகன் வாழ்கிறார். பெயர் சோலைமலை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் இடத்தில் வேலை. இருபது வருஷமாக எஞ்சின் சத்தம் காதில் விழுந்துகொண்டிருப்பதால், தானும் பாதி மெக்கானிக் என்று அவருக்கு நினைப்பு. அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தபோது, "பேச்ச ஆரம்பிச்சு வச்சது யாரு?" என்றார். மகள் பரீட்சையில் பாஸானபோது அதற்கும் ஏதோ ஒன்றைத் தான் முன்கூட்டியே இளக்கி வைத்ததாகச் சொன்னார். "ஆமா, அப்பிடியே என்னையும் பைத்தியமாக்கி வச்சிருக்கீங்க" என்றாள் மனைவி வேலாயி. அதையும் அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

பக்கத்துக் காம்பரா வீட்டில் நாகலெட்சுமி. கொழுந்து பறிப்பவளுக்கு நுவரெலியாப் பக்கம் ஒரு பூப்பண்ணையில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும், முதல் நாளே பிந்தினால் வேறு ஆள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸோ ஏழு மணிக்குத்தான். அதனால் அக்கா வீட்டுக்காரர் பூண்டுலோயாவிலிருந்து தன் பழைய இரும்புச் சைக்கிளை லொறியில் ஏற்றி அனுப்பினார். ஏற்றத்தில் தள்ளி, மற்ற இடத்தில் மிதித்தால் நேரத்துக்குப் போய்விடலாம். ஆனால் அந்த மனுஷன் ஆறடி. நாகலெட்சுமி ஏறி உட்கார்ந்தால் கால் பெடலைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கியது. சீட்டைத் தாங்கும் கம்பி துருப்பிடித்து, சட்டத்துக்குள் அசையாமல் இறுகிக் கிடந்தது. அது அரையடி இறங்கினால் புது வேலை, இறங்காவிட்டால் பழையபடி கொழுந்துக்கூடை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாகலெட்சுமி கம்பியின் கழுத்தைப் பிடித்திருந்த போல்டை இளக்கி, மண்ணெண்ணெயோடு எஞ்சின் எண்ணெய் கலந்து சுற்றிலும் ஊற்றி வைத்தாள். எத்தனை நேரம் பொறுப்பார் சோலைமலை?

"தள்ளு தங்கச்சி. நம்ம கையில இது ரெண்டு நிமிஷம்."

"ஊறணுமுங்க அண்ணே."

"ஊற வைக்கிறதுக்கு இது என்னா உளுந்தா?"

அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்துச் சைக்கிளைச் சுற்றி வந்தார். போல்டு ஆடுகிறதே! இப்படி ஆடினால் பிடிமானம் எங்கிருந்து கிடைக்கும்? ஸ்பேனரை எடுத்து முட்ட முட்ட இறுக்கினார். பிறகு சீட்டை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, தன் பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு முறுக்கு. 'க்ரீச்!'

"திரும்பிருச்சு! திரும்பிருச்சு!"

லயம் முழுக்கக் கேட்டது. திரும்பியது கம்பியல்ல. கம்பியின் தலையில் மாட்டியிருந்த சீட்டுத்தான் பக்கவாட்டில் திரும்பி வேலாயியைப் பார்த்துக்கொண்டு நின்றது. இதை அவரிடம் யார் சொல்வது? சனிக்கிழமை சுத்தியலோடு வந்தார். நாலு அடியில் சீட்டின் ஸ்பிரிங் ஒன்று எகிறிப் பீட்ரூட் பாத்தியில் விழுந்தது. கம்பி மட்டும் மயிரிழைகூட இறங்கவில்லை.

"கும்பிடுறேன் அண்ணே. எனக்கு இருக்கிறது நாளைக்கு ஒரு நாளு. இனிமே கிட்ட வராதீங்க" என்றாள் நாகலெட்சுமி. சோலைமலைக்கு மனசு சுருக்கென்றது. நல்லதுக்குத்தானே செய்தோம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சீட்டைக் கழற்றிய பிறகுதான் போல்டைக் கவனித்தாள். இரண்டு நாளாக எண்ணெய் ஊற்றியும் ஏன் அசையவில்லை என்பது அப்போது விளங்கியது. போல்டை மறுபடி இளக்கி, கேத்தலில் கொதித்த தண்ணீரைச் சட்டத்தின் மேல் ஊற்றி, மறுபடி எண்ணெய் விட்டு, இரவல் வாங்கிய பைப் ஸ்பேனரால் கம்பியைக் கவ்வி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மத்தியானம் முழுக்க ஆட்டினாள். துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. நாலு மணிக்குக் கம்பி முனகிக்கொண்டே உள்ளே இறங்கியது. நாகலெட்சுமி அப்படியே வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

சோலைமலை தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடி வந்தார். "பாத்தியா! நான் லூசாக்கி வச்சதுதான்!"

நாகலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்பிடிங்களா அண்ணே? அப்ப வெள்ளிக்கிழமை நான் லூசாக்குன போல்ட்ட இறுக்கி வச்சது யாரு?"

வாசலில் கூடிவிட்ட லயத்தார் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். சோலைமலை தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார்.

"நான்தான்" என்றார். பிறகு இரண்டு மடக்குத் தேத்தண்ணி உள்ளே போனதும் தெம்பு வந்துவிட்டது. "அதனாலதான எண்ணெ ஒழுகாம உள்ளயே நின்னுச்சு!"

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரோட்டு முடக்கில் ஒருவர் நடுங்கிக்கொண்டு நின்றார். யாரும் கூப்பிடவில்லை. இவள் வேலை போனால் அது தன் கையால் போனதாகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வேலாயியிடம்கூட அதை அவர் சொல்லவில்லை.

நாகலெட்சுமி வந்தாள். இரண்டு காலும் பெடலில்.

"என்னாங்க அண்ணே, இந்தக் குளுருல?"

"சும்மாதான். பாத்துப் போ தங்கச்சி."

"ஹேண்டிலும் ஒசரத்துலயே இறுகித்தான் கெடக்கு. சாயங்காலம் வந்து எறக்கிப் பாக்கணும். நீங்க மட்டும் காம்பராவ விட்டு வெளிய வராம இருந்தீங்கன்னா, அது பெரிய ஒத்தாசை."

சிரித்துக்கொண்டே மிதித்துப் போய்விட்டாள். பனிக்குள் சைக்கிள் மறையும்வரை பார்த்துவிட்டு, சோலைமலை ஒரு பெருமூச்சு விட்டார். அந்த நேரம் பார்த்து அடுத்த லயத்துக் கந்தப்பன், வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். சோலைமலை அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "போகுதே ஒரு சைக்கிளு, பாத்தீங்களா?" மிச்சத்தை நான் எழுத வேண்டுமா?

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இப்போது பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்பி, "இந்த மாதிரி ஆளப் பத்தி நான் எப்பவோ சொல்லியிருக்கேனே" என்று சொல்ல வாயெடுத்துவிட்டீர்கள், இல்லையா? சீக்கிரம் சொல்லிவிடுங்கள். அவரும் அதையேதான் சொல்லப்போகிறார்.