கேரம் போர்டில் ஒரு மருந்து முகாம்

படித்து முடித்த சூட்டோடு ஊரைத் திருத்தக் கிளம்புகிறவர்களை ஊர் எப்படியும் மன்னித்துவிடும். சொந்தக்காரர்கள்தான் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள்.

பார்மசி படிப்பை முடித்துவிட்டு, பாறசாலைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை. அறிவு மட்டும் நிரம்பி வழிந்தது (அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்). ஊரில் வயதானவர்கள் பலருக்கும் சர்க்கரையோ பிரஷரோ உண்டு. எந்த மாத்திரை எதற்கென்று கேட்டால் சிரிப்பார்கள். என் தாய்மாமன் தங்கப்பன், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், காலையில் தலைசுற்றி முற்றத்துத் தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். "வயசானா பூமி கொஞ்சம் கறங்கும் மக்கா. அதுக்கு மருந்து கெடையாது" என்பார். அவரை நினைத்துத்தான் இதில் இறங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரையும் வாசகசாலைக்கு வரச் சொன்னேன். வீட்டிலுள்ள மருந்து முழுவதையும் கொண்டுவந்தால், கிழமைக்கு ஒரு அறை வைத்த டப்பாவில் நான் நிரப்பித் தருவேன். பிஸ்கட் டின்னிலும் துணிப்பையிலும் கொண்டுவந்தார்கள். மேசை இல்லாததால் கேரம் போர்டை ஒரு ஸ்டூல்மேல் வைத்தேன். மாத்திரைகளை அட்டையிலிருந்து உதிர்த்து ஆளுக்கொரு குவியலாக்கினேன். அட்டைகளை உடனே குப்பைக் கூடையில் போட்டேன் (சுத்தம் முக்கியமல்லவா).

"கொஞ்சம் மாறி நில்லுங்க, நானும் பாக்கட்டு" என்று மாமன் எழுந்தார். எழுவதற்குக் கை ஊன்ற அவருக்குக் கிடைத்தது போர்டின் ஓரம்.

போர்டு செங்குத்தாக நின்றது. ஊரின் சர்க்கரையும் பிரஷரும் போர்டில் மிச்சமிருந்த பவுடரில் வழுக்கிக்கொண்டு தரையெங்கும் ஓடின. மாமன் குனிந்து ஒன்றைப் பொறுக்கினார்.

"எனக்க பிரஷர் குளிகை இதாக்கும். சின்னது, வெள்ளை."

"மாமா, கெடக்கதுல பாதியும் சின்னது, வெள்ளதான்."

"எனக்குத் தெரியாதா? வெள்ளம் எடு."

பக்கத்து வீட்டு ரோசம்மா மாமி தண்ணீர் டம்ளரை நீட்டினார். மாமன் காலையில் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அது யாருடைய சர்க்கரை மாத்திரையாகவோ இருந்தால்? வெறும் வயிற்றில் மயங்கியே விழுந்துவிடுவார். என்ன செய்கிறேனென்று தெரியாமல் டம்ளரைப் பிடுங்கி, கடைசிச் சொட்டுவரை நானே குடித்துவிட்டேன்.

மாமன் காலி டம்ளரைப் பார்த்தார். "தாகமுண்டுண்ணா சொல்லப்படாதா மக்கா?"

அவர் திகைத்து நின்ற நேரத்தில் கையிலிருந்த மாத்திரையைப் பறித்தேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அன்று ராத்திரிக்கு யாரிடமும் மருந்து இல்லை. ஒரு ஜீப்பைப் பிடித்து, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, காரக்கோணம் பக்கத்தில் தெரிந்த டாக்டர் வீட்டுக்குப் போனேன். குப்பைக் கூடை என் மடியில் இருந்தது.

ஜீப் குலுங்கக் குலுங்க, காலி அட்டைகளை ஒவ்வொருவரிடமும் காட்டி உரிமையாளர்களைக் கண்டுபிடித்தேன். "ரெண்டும் எனக்கதுதான்" என்று மாமன் வாங்கிக்கொண்ட அட்டைகளில் பெயர் வேறு வேறு. உள்ளே இருந்தது ஒரே பிரஷர் மருந்துதான். ஒன்று பாறசாலை டாக்டர் எழுதியது, மற்றது நெய்யாற்றின்கரை டாக்டர் எழுதியது. ஒருவர் கொடுத்ததை மற்றவரிடம் மாமன் சொல்லவில்லை ("அவருக்கு மனசு வெஷமமாயிரும்லா" என்றார்). தினமும் அதை இரட்டிப்பாக விழுங்கியிருக்கிறார்; பூமி கறங்கியதன் காரணம் அந்த அட்டைகளில் இருந்தது.

டாக்டர் முதலில் வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொருவரையும் பரிசோதித்து, எல்லோருக்கும் புதிதாக எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் மாமன் தென்னையை விட்டுவிட்டார்.

அந்த ஜீப்பில் வந்தவர்களில் பலர் இப்போது இல்லை. திரும்பும் வழியில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, சர்க்கரை போடாத டீக்காக அவர்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ரோசம்மா மாமியும் போய்விட்டார். மாமன் இருக்கிறார்.

இப்போது நான் நெய்யாற்றின்கரையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்குப் போனால், சாப்பாடு முடிந்ததும் மாமன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பார். என் பிள்ளைகள் சிரிப்பதற்குத் தயாராக இருப்பார்கள். மாமன் தண்ணீர் டம்ளரை என்னிடம் நீட்டுவார்.

"நீ குடிச்சிட்டுத் தா மக்கா. மிச்சமுண்டுண்ணா எனக்குப் போதும்."

ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுப்பேன்.