தனிப் பெண் பாதுகாப்புக் கமிட்டி

பெண்களுக்குப் பாதுகாப்பு என்று ஒன்று உலகில் எங்காவது இருக்குமானால், அது எங்கள் செயின்ட் ஆஸ்லின் தீவில்தான் இருக்கிறது. மற்ற தேசங்கள் ஒரு சட்டம் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கின்றன. நாங்கள் கமிட்டி போட்டோம். அதன் செயலாளர் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

எல்லாம் ஹில்டே என்ற நார்வேக்காரியால் வந்தது. தோளில் ஒரே ஒரு பையுடன் படகிலிருந்து இறங்கினாள். புதுமுகத்தைக் கண்டால் தீவில் கேட்கிற முதல் கேள்வி, "நீ யார் வீட்டு ஆளு?" என்பது. தாத்தா பெயரைச் சொன்னால் போதும், சாப்பாடே கிடைத்துவிடும். நானும் கேட்டேன். யார் வீடும் இல்லை, ஊர் பார்க்கத் தனியாக வந்திருக்கிறேன் என்றாள். 

அன்று மாலையே கத்பர்ட் லாஷ்லியின் ரம் கடையில் அவசரக் கூட்டம். டோமினோ ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினோம் என்றால் நிலைமையின் தீவிரம் விளங்கும். கத்பர்ட் ஏகமனதாகத் தலைவரானார், கடை அவருடையது. "தனிப் பெண்" என்பதற்கு இலக்கணமும் வகுத்தோம்: எவளுடைய தாத்தாவின் பெயர் நமக்குத் தெரியாதோ, அவளே தனிப் பெண்.

மறுநாள் பாதுகாப்பு தொடங்கியது. அவள் கடலில் நீந்தப் போனால், கமிட்டி மணலில் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தது. பத்திரமாக இருக்கிறாளா என்று அடிக்கடி திரும்பியும் பார்த்தது. கடமை என்று வந்துவிட்டால் கூச்சம் பார்க்க முடியுமா? மாம்பழம் வாங்கப் போனாலும் பின்னால் ஊர்வலம். கடைசியில் அவளே சட்டென்று திரும்பி நின்றாள்.

"யார்கிட்டேர்ந்து என்னைக் காப்பாத்துறீங்க?"

"கெட்ட ஆளுங்ககிட்டேர்ந்து, மேடம்" என்றார் கத்பர்ட்.

"அவங்க எங்க இருக்காங்க?"

"கவலையே படாதீங்க. ஒருத்தர் விடாம கமிட்டியில சேத்துட்டோம்."

எங்கள் தலைவரின் முன்யோசனை அப்படிப்பட்டது.

ஹில்டே தங்கிய விடுதியில் சமையல் வேலை உள்ளூர்க்காரி வெர்லினுக்கு. மீனை வறுத்து, சீமைப்பலாவைச் சுட்டு, பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் இருட்டிவிடும். மேட்டிலுள்ள தன் வீட்டுக்கு, பாதை திரும்பும் கல்லறை வளைவைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே விளக்கு கிடையாது. ஒரு குட்டைச் சுவர் உண்டு. அதில் ஊர் ஆண்கள் சிலர் காற்று வாங்குவார்கள். போகிற பெண்ணுக்கு அன்பாக மாலை வணக்கம் சொல்வார்கள். பதில் வராவிட்டால் கொஞ்ச தூரம் கூடவே நடந்து இன்னும் அன்பாகச் சொல்வார்கள். வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் போவது தீவில் பெரிய மரியாதைக்கேடு. வெர்லினுக்கு அந்த மரியாதை தெரியாது. கையில் ஒரு கல்லை இறுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவாள்.

வளைவுக்கு ஒரு விளக்கு வேண்டும் என்று அவள் பல வருஷமாகக் கேட்டு வந்தாள். இப்போது மகள் கெஸ்லினும் அதே விடுதிக்கு வேலைக்கு வரப்போவதால், அழுத்தியே கேட்டாள். உள்ளூர்ப் பெண்ணுக்கு எதற்கு வெளிச்சம், வழி மனப்பாடம்தானே என்று நாங்கள் பொறுமையாக எடுத்துச் சொன்னோம்.

ஒரு மாலை ஹில்டே அவளோடு நடந்துபோய் வளைவைப் பார்த்தாள். மறுநாள் தலைவரிடம், அந்த இடத்தில் தனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் விளக்கு எரிந்தது. கத்பர்ட் தம் கையாலேயே ஏணி பிடித்தார்.

வெளிச்சத்தில் முகம் தெரிந்துவிடும் என்பதாலோ என்னவோ, சுவரில் காற்று வாங்க யாரும் வரவில்லை. வெர்லின் கல்லை எறிந்துவிட்டாள். பாட்டுப் பாடிக்கொண்டு போனாள் என்றுகூடக் கேள்வி.

பிறகு ஹில்டே படகேறினாள். கமிட்டி கையசைத்தது, தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே ஏணியோடு போய் விளக்கைக் கழற்றி வந்து, டோமினோ மேசைக்கு மேலே மாட்டினோம். பொதுச்சொத்து வீணாகலாமா?

அன்று மாலை வெர்லின் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"விளக்க ஏன் கழட்டினீங்க, மிஸ்டர் கத்பர்ட்?"

"அது தனியா வர்ற பொண்ணுங்களுக்கு, வெர்லின். இப்பத்தான் தீவுல அப்படி யாரும் இல்லையே."

"நான் தினமும் போறேன். நாளையிலேர்ந்து இவளும் போவா."

கத்பர்ட் சிரித்தார். "நீ எப்படித் தனி? நீ ஆல்ஸ்டன் மக. இவ ஆல்ஸ்டன் பேத்தி. ஊருக்கே தெரியும்."

"வளைவுல உக்காந்திருக்கிறவங்களுக்கும் தெரியுது. இருட்டுல பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க."

விளக்கடியில் இருந்த எங்கள் முகங்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நல்ல விளக்குதான், கொஞ்சம் வெளிச்சம் அதிகம்.  அவள் மகளோடு வெளியேறினாள். வாசலில் கெஸ்லின் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள்.

கூட்டத்தின் முடிவை நான் இப்படிப் பதிவு செய்தேன்: வெர்லினும் அவள் மகளும் தனிப் பெண்கள் அல்லர், கல்லறை வளைவில் அவர்களுக்கு எப்போதும் துணை உண்டு. இதற்கு நானே சாட்சி. அந்தச் சுவரில் தலைவருக்குப் பக்கத்து இடம் என்னுடையது.