சிலிண்டருக்கு அடியில ஒரு சிவப்புத் தோல்

கோடி வீட்டுக்காரி சொன்னாளா, நான் ரேஸ்ல ஏமாத்தினேன்னு? நல்லா இருக்கே கதை! இப்படி உக்காரு மல்லிகா, நடந்தத நான் சொல்றேன்.

என் பேத்தி ஷீபா ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக்க வாங்கி, வேலூர்ப் பக்கம் மண் மைதானத்துல நடக்குற ரேஸுக்குப் பேர் குடுத்துட்டா. அவ அப்பன், அதான் என் புள்ள, கறாரா சொல்லிட்டான்: "முதல்ல வரலன்னா வண்டிய வித்துடுவேன்."

ரேஸ் அன்னிக்குக் காலையில இன்ஜினப் பிரிச்சு வாசல்ல பரப்பி வெச்சிருந்தா. நான் வெந்நீர் அடுப்பப் பத்த வெக்கிறேன், பத்தவே இல்ல. பக்கத்துல எண்ணெய்ப் பிசுக்கா, ஓட்டை ஓட்டையா ஒரு காயிதம் கிடந்துச்சு. உள்ள போட்டேன். (நல்லா எரிஞ்சுது, அதையும் சொல்லணும்ல.)

"ஆயா, சிலிண்டருக்கு அடியில வெக்கிற காயித கேஸ்கெட் எங்க?"

"குளிச்சுட்டு வாடி, தண்ணி நல்லா சூடா இருக்கு."

அழுதா பாரு ஒரு அழுகை! ஞாயித்துக்கிழமை, நம்ம ஆம்பூர்ல ஒரு கடையும் தொறக்கல. நான் சும்மா இருப்பனா? ஷூ கம்பெனில தோல் வெட்டுன கை. எக்ஸ்போர்ட் தோல், செவச்செவன்னு ஒரு துண்டு என் பொட்டியில இருந்துச்சு. சிலிண்டர அது மேல வெச்சுக் கோடு போட்டு, அதே ஓட்டையோட வெட்டிக் குடுத்தேன். காயிதத்த விடக் கொஞ்சம் தடிமன். அதனால இன்னா?

கொடி ஆட்டுனதும் எல்லாரும் போய்ட்டாங்க. இவ வண்டி மட்டும் இருமிக்கிட்டு நிக்குது. என் புள்ள என்னை மொறைக்கிறான். ஆனா நேர்ப் பாதைக்கு வந்துச்சு பாரு, பேய் புடிச்ச மாதிரி ஒவ்வொருத்தனா தாண்டி, முதல் ஆளா வந்து நின்னா!

ரேஸ் நடத்துறவரு ஜெயிச்ச வண்டியக் கழட்டிப் பாத்தாரு.

"யாரும்மா உங்க மெக்கானிக்? பெரிய கில்லாடியா இருப்பான் போல. கேஸ்கெட்டத் தடிமனா வெச்சு சிலிண்டரத் தூக்கி விட்டுட்டான். புகை போற வாசல் சீக்கிரமே தொறக்குது. கிளம்பும்போது இழுவை கம்மி, ஓட ஓட வேகம் ஜாஸ்தி. இந்த ரேஸ்ல கம்பெனி கேஸ்கெட் மட்டும்தான். பரிசு கிடையாது."

"கில்லாடி நான்தான்யா! உன் கம்பெனி காயிதம் என் அடுப்புல ஒரு நிமிஷம் நிக்கல. என் தோல் ரேஸ் முடிஞ்சும் அப்படியே இருக்கு. எது ஒசத்தி, நீயே சொல்லு!"

கூட்டமே சிரிச்சுது. பரிசை அடுத்தவன் வாங்கிட்டுப் போனான். வீட்டுக்கு வந்ததும் என் புள்ள ஆரம்பிச்சான்: "வண்டிய விக்கப்போறேன்."

"முதல்ல வந்தது யாருடா? அந்தாளு பரிசைத்தான புடுங்கினான், முதல்ல வந்ததையுமா புடுங்கினான்?"

இன்னும் விக்கல. வண்டி வாசல்லயேதான் நிக்குது.

ஏமாத்தினேனாம்! ஏமாத்தத் தெரிஞ்சவ அத்தனை பேர் கண்ணுக்கும் தெரியிற சிவப்புத் தோலையா வெப்பா? ஆனா ஒண்ணு, வீட்டுல ரேஷன் கார்டு காணோம்னாகூட, இன்னிக்கும் எல்லாரும் முதல்ல ஓடுறது அடுப்புக்குத்தான்.

இரு, ஷீபா கத்துறா.

"ஆயா! புது கேஸ்கெட் இங்கதான வெச்சேன்?"

ஐயோ மல்லிகா, கொஞ்சம் வழி விடு, நான் போய் அடுப்ப அணைக்கிறேன்.