பூதம் கொண்டுவந்த ஆணி

மேழிபுரத்தில் யாரும் எதையும் தேடிப் போவதில்லை. அரண்மனைப் பூதத்திடம் கேட்டால் போதும். கதவு கேட்டால் கதவு வரும். கதவுக்கு வேண்டிய கீலும், கீலுக்கு வேண்டிய ஆணியும் கூடவே வரும். ஒவ்வொன்றிலும் அதைச் செய்தவரின் நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கும். இலவசமாக வருவதைப் படித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று அந்நாட்டார் விட்டுவிட்டார்கள்.

ஒருநாள், அயல்நாட்டுக் கொல்லன் ஒருவன் சாப்பிட வந்தான். செண்பகவடிவின் சோற்றுக்கடை பூட்டியிருந்தது. கதவில் இருந்ததோ அவன் செய்த ஆணி. 'நான் இருக்கும் கட்டடம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்' என்பது அதன் நிபந்தனை. அரசவையில் முறையிட்டான்.

"நாட்டின் மானம் காக்கப்படும்" என்று முழங்கிய பேரமைச்சர் அறிவாகரர், பூதத்திடம் ஒரு சட்டம் வாங்கினார். அந்த ஆணியுள்ள கதவுகளெல்லாம் பெயர்க்கப்பட்டன. அன்றே செண்பகவடிவின் குழம்புச் சட்டியில் நாய்கள் தலையை விட்டன. கதவில்லாத கடை சுகாதாரக் கேடு, உடனே மூடுக என்றது அடுத்த சட்டம்.

அவள் அரசவைக்கே போய்விட்டாள்.

"மூடச் சொல்றீங்களே ஐயா, எதை வச்சு மூடுறது?"

"அதை ஆராயக் குழு அமைத்திருக்கிறோம், அம்மா."

"குழுவுக்கு என் கடைச் சோறுதான் போகுது. நாய் தின்னது போக மிச்சம்."

குழுத் தலைவர் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"இந்த அரமனைக் கதவுல என்ன ஆணி?" என்றாள்.

"அதே ஆணி" என்றது பூதம். அதற்குப் பொய் வராது; அதனால்தான் பதவி எதுவும் தரவில்லை.

"அரண்மனைக்கு விலக்கு உண்டு" என்றார் பேரமைச்சர்.

"சட்டத்தின் அடியிலும் பொடி எழுத்து இருக்கிறது: 'பிறப்பித்தவரே முதலில் பணிய வேண்டும்'" என்றது பூதம்.

அரண்மனைக் கதவும் இறங்கியது. மன்னர் கொதித்தார். "நிபந்தனையே இல்லாத சட்டம் கொண்டு வா!"

பூதம் போன வேகத்தில் திரும்பியது. "சட்டம் தனியாக வராது அரசே. அதற்கு வேண்டிய அமைச்சர்களும், அமைச்சர்களுக்கு வேண்டிய அரசரும் வந்திருக்கிறார்கள்."

"வாசலிலேயே நிறுத்து!"

"எதைச் சாத்தி?"

அதற்குள் புதிய அரசர் சிம்மாசனத்தின் பாதியில் உட்கார்ந்திருந்தார்.

"யாரா வேணா இருங்க. என் கதவு?" என்றாள் செண்பகவடிவு.

"இலவசமாகவே தருகிறோம்" என்று புதிய பேரமைச்சர் பூதத்தைக் கூப்பிட்டார்.

அவள் தெருவுக்கு வந்தாள். மேழிபுரத்தில் தச்சன் வீடு எங்கே இருக்கிறது என்று எதிரில் வந்தவரிடம் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, பூதத்திடம் கேட்கச் சொன்னார்.