வயோமிங்கில் தோற்ற யாழ்ப்பாணத்தான்

இத்தாலியின் பலெர்மோவில் இருந்துகொண்டே அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் தோற்ற மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் வயோமிங் அண்ணை. ஒருமுறை தோற்றிருந்தால் ஏதோ போதாத காலம் என்று விட்டிருக்கலாம். இவர் நான் அறிய ஒவ்வொரு முறையும் தோற்றார். அதுவும் வெல்லப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டுத் தோற்றார்.

சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நகரத்தின் ஓரத்தில், பிரான்காச்சோவில் குடியிருந்தார். தினமும் பஸ் பிடித்து நகர நடுவிலுள்ள பொலிதேயாமாவுக்கு வந்து, அங்கே தனியாக வாழ்ந்த ஒரு வயதான அமெரிக்க அம்மாவைப் பராமரிப்பதுதான் வேலை. சின்யோரா என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவோம். பிறந்தது வயோமிங் மாநிலத்தில். பலெர்மோக்காரர் ஒருவரைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டார். வோட்டு மட்டும் அங்கே. அவருடைய கட்சி அந்த மாநிலத்தில் வெல்வதென்றால் பலெர்மோ கடற்கரையில் பனி கொட்டவேண்டும். அண்ணைக்கோ இத்தாலியில் வோட்டு இல்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வந்ததோ வோட்டுப் போடும் வயது வருமுன்னரே. ஆகவே சின்யோராவின் வோட்டைத் தன் வீட்டு வோட்டாக்கிக்கொண்டார்.

நான் அப்போது சின்யோராவின் வீட்டுக்குக் கீழே ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்தேன். கடை திறக்குமுன்னரே அண்ணை வாசலில் நிற்பார். வயோமிங் கிட்டத்தட்ட இத்தாலி அளவுக்குப் பெரிது, சனம் பலெர்மோவை விடக் குறைவு, சனத்தை விட மாடு கூட என்று தொடங்குவார். "மாடுகள் முழுக்க எங்கடை பக்கம் தம்பி. மனிசர்தான் பிரச்சினை" என்பார். வயோமிங்கில் பனி கொட்டுகிறது என்று கேள்விப்பட்டால், இங்கே நாங்கள் வேர்த்து வழிய, அவர் சுவெட்டர் போட்டுக்கொண்டு வருவார்.

ஒருமுறை பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு சாமத்திய வீடு, பெரியபிள்ளையான பெட்டைக்குச் சடங்கு. சாப்பாட்டு நேரத்தில் மனிதர் மேசை மேசையாகப் போய் வாக்கு வேட்டையைத் தொடங்கிவிட்டார். வயோமிங்கில் சொந்தக்காரர் யாராவது இருக்கினமோ என்று கேள்வி. எங்கள் ஆட்களுக்கு லண்டனில் மச்சான் இருக்கிறான், பாரிஸில் சித்தப்பா இருக்கிறார், வயோமிங்கில்தான் ஒரு குருவியும் இல்லை. கனடாவில் தம்பியின் மகன், பெறாமகன் ஒருவன் இருப்பதாக ஒருவர் பாவம் பார்த்துச் சொன்னார். அவனை உடனே இடம் மாறச் சொல்லும்படி அண்ணை கேட்டுக்கொண்டார். அந்தப் பெறாமகன் ரொறொன்ரோவில் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தானாம்.

கடைசியாக நடந்த தேர்தலுக்குச் சில மாதம் முன்பு சின்யோரா விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். இதுதான் தன் கடைசி வோட்டாக இருக்கும், அது ஒழுங்காகப் போய்ச் சேரவேண்டும் என்று அண்ணையிடம் சொன்னார். அண்ணை சத்தியம் செய்து கொடுத்தார். வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. சின்யோரா கட்டிலில் இருந்தபடியே தன் ஆளுக்கு நேரே வட்டத்தை நிரப்பி, ஒட்டி அனுப்பும்படி கொடுத்தார்.

அண்ணை ஒட்டவில்லை. நேரே கோயிலுக்குக் கொண்டுபோனார்.

இதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி விண்ணப்பமோ, பிள்ளையின் பள்ளிக்கூடப் பத்திரமோ, சந்தனம் குங்குமம் காட்டாமல் எங்கள் ஆட்கள் எந்தத் தாளையும் எந்தக் கந்தோருக்கும் கொடுப்பதில்லை. அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர் கேட்டிருக்கிறார். வயோமிங் என்றாராம். நட்சத்திரம் கேட்க, "அது ஆளில்லை ஐயா, மாநிலம்" என்றாராம். பலெர்மோவில் இருக்கும் குருக்களுக்கு எதுவும் புதிதில்லை. அவரும் செய்து கொடுத்துவிட்டார்.

அங்கிருந்து கவர் ஒட்டப் பசை கேட்டு என் கடைக்கு வந்தார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். நாலு மூலையிலும் சந்தனம். மேலே வைத்த குங்குமம் தீர்த்தத்தில் கரைந்து வழிந்து, எதிர்க்கட்சிக்காரரின் வட்டத்துக்குள் போய் வடிவாகக் குந்தியிருந்தது. இரண்டு பேருக்கு அடையாளம் இருந்தால் அந்த வோட்டு செல்லாது என்று கீழே ஆங்கிலத்தில் போட்டிருந்தது. வாசித்துச் சொன்னேன்.

"கவரை மூடிக் கொண்டுபோயிருக்கலாமே அண்ணை?"

"மூடினால் சாமி என்னத்தைப் பாக்கிறது?"

சொல்லிவிட்டு அப்படியே பேப்பர்க் கட்டின் மேல் இருந்துவிட்டார். எனக்கு அன்று கடையில் தலைக்கு மேல் வேலை. எப்படியும் தோற்கிற கட்சிதானே, பேசாமல் அனுப்பிவிடுங்கள் என்றேன். என்னை அவர் அப்படிப் பார்த்ததேயில்லை.

"தோக்கிறது வேறை தம்பி, எண்ணாமல் விடுறது வேறை. மேலை அந்த மனிசி என்னை நம்பித் தந்தது."

தனியாகப் போக அவருக்குத் தைரியமில்லை, என்னையும் இழுத்துக்கொண்டு மாடிக்குச் சின்யோராவிடம் போனார். சீட்டை இரண்டு கையாலும் நீட்டி எல்லாவற்றையும் சொன்னார். வேலை போனால் போகட்டும் என்றும் சொன்னார். சின்யோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சிவப்பு வட்டத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சின்யோரா வயோமிங் தேர்தல் கந்தோருக்கு மின்னஞ்சல் போட்டார். அவர்கள் மின்னஞ்சலிலேயே வேறொரு சீட்டை அனுப்பினார்கள். நான்தான் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சின்யோரா பேனையை எடுத்தவர் கீழே வைத்துவிட்டு, அண்ணையைப் பார்த்து இத்தாலியனில் சொன்னார்: "பேப்பருக்கு வேண்டாம். எனக்கு வை."

அண்ணை அவர் நெற்றியில் குங்குமம் வைத்தார். வயோமிங் மாநிலத்துக்கு நெற்றியில் பொட்டோடு வோட்டுப் போட்ட அமெரிக்கர் அவராகத்தான் இருக்கவேண்டும். தபாலகத்துக்கு அண்ணையும் வந்தார். தப்பித்தவறியும் கவரில் பட்டுவிடக் கூடாதென்று வழி முழுக்கக் கைகளைப் பின்னால் கட்டியபடி நடந்தார்.

வழக்கம்போலப் படுதோல்வி. அடுத்த நாளே அண்ணை லட்டுப் பெட்டியோடு கடைக்கு வந்தார். தோற்றதற்கு யாராவது பலகாரம் கொடுப்பார்களா என்று கேட்டேன். சின்யோராவின் வோட்டு கிடைத்து, ஏற்கப்பட்டதாக இணையத்தில் போட்டிருக்கிறதாம். "எண்ணிப்போட்டாங்கள்" என்றார். கண் கலங்கியிருந்தது. லட்டை வாங்கிய என் முதலாளி, அண்ணைக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்று நினைத்து வாழ்த்தினார். அண்ணையும் நன்றி சொல்லி அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டார்.

நான் இப்போது பகேரியாவுக்கு மாறிவிட்டேன். சின்யோரா இன்னும் இருக்கிறார். அடுத்த தேர்தலில் வெல்லுவம் என்று அண்ணை போனில் சொல்கிறார், ஆனால் நடுவில் இருமுகிறார். போன வெள்ளிக்கிழமை பலெர்மோவில் அதே கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். குருக்கள் பெயர் கேட்டார். வயோமிங் என்றேன்.

"மாநிலத்துக்கோ?" என்றார்.

"இல்லை ஐயா, ஆளுக்கு."