கினிக்கோழியும் மாங்காய்க் கரையும்

படைக்கிறவர்கள் ஒரு ரகம், பாராட்டுகிறவர்கள் ஒரு ரகம். இரண்டிலும் சேராத இன்னொரு ரகம் உண்டு: ‘ஒரே ஒரு சின்னத் திருத்தம்’ சொல்கிறவர். கல்யாணப் பத்திரிகையோ, கோயில் பேனரோ, பக்கத்து வீட்டு கேட்டுக்கு அடித்த பெயின்ட்டோ, எதைக் காட்டினாலும் முதலில் ஆகா என்பார், பிறகு தலையைச் சாய்ப்பார், ஒரு கண்ணைச் சுருக்குவார், “எல்லாம் நல்லாதான் இருக்கு…” என்று இழுப்பார். அந்த இழுப்புக்குத்தான் பயப்பட வேண்டும்.

எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் சபாபதி ஒரு சிறுவர் பதிப்பகத்தின் ஆலோசகர். வரையத் தெரியாது. அதனால் என்ன?

பூச்சோங்கிலிருந்து லோகேஸ்வரி ஒரு கினிக்கோழிக் கதைக்குப் படம் வரைந்து கொண்டுவந்தாள். எதிர் ஃபிளாட்டில் குடியிருக்கும் தான்சானியாக்காரப் பெண் உடுத்தும் காங்கா துணியில் மயங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு காங்காவாகவே அமைத்திருந்தாள்: சுற்றிலும் தடித்த கரை, நடுவில் பெரிய உருவம், துணியில் ஒரு வரி வாசகம் இருக்கும் இடத்தில் கதையின் வரி. மாதக்கணக்கான உழைப்பு.

“சூப்பர்ம்மா. ஒரே ஒரு சின்ன விஷயம். இந்த ஆப்பிரிக்கா பார்டர் நம்ம பிள்ளைங்களுக்கு ஒட்டாது லா. நம்ம மாங்கா டிசைன் போட்டுடு, முடிஞ்சது.”

“கினிக்கோழிக்கே ஊரு ஆப்பிரிக்காதானே அங்கிள்?”

“கோழி எந்த ஊரா இருந்தா என்னம்மா? பார்டர் நம்மளுதா இருக்கணும்.”

இதைச் சொன்னபோது அவர் அணிந்திருந்தது மலாய்க்காரர்களின் பாத்திக் சட்டை. பதிப்பாளர் கமலநாதன் தன் தே தாரிக் டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கரையை மாற்றினால் எல்லாப் பக்கங்களையும் திரும்ப வரைய வேண்டும். மறுத்தால் புத்தகமே வராது.

லோகேஸ்வரிக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் போய்க் கரையை உற்றுப் பார்த்தாள், சிரிப்பு வந்தது. காங்காக்காரர்கள் ஆசையாகப் போடும் முந்திரிக்கொட்டையைத்தான் அவள் வரைந்திருந்தாள். ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் வளைந்து, நம் சேலைக்கரை மாங்காய்க்கு அச்சு அசலான தங்கச்சி. அடுத்த கூட்டத்துக்கு அதே தாள்களைப் புது உறையில் போட்டு எடுத்துப்போனாள்.

“பார்டரைப் பாருங்க அங்கிள்.”

தலை சாய்ந்தது. கண் சுருங்கியது.

“பாத்தியா? இப்பதான் நம்ம வீட்டுப் புஸ்தகம் மாதிரி இருக்கு. போன தடவை என்னமோ ஒட்டாம இருந்துச்சு.”

புத்தகம் வந்துவிட்டது. உள்ளே ‘ஓவியம்: லோகேஸ்வரி’ என்றிருக்கிறது. அதற்கு மேலே, சற்றே பெரிய எழுத்தில், ‘ஓவிய ஆலோசனை: சபாபதி’. வெளியீட்டு விழாவுக்குக் காங்கா உடுத்தி வந்த அந்த எதிர்வீட்டுப் பெண்ணிடமே, கரையைத் தொட்டுக்காட்டி, இது எங்கள் தமிழர் மாங்காய் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அவள் தன் துணியைப் பார்த்தாள், லோகேஸ்வரியைப் பார்த்தாள், மரியாதையாகத் தலையாட்டினாள்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரைகூட உங்களுக்கு நல்லாதான் இருந்திருக்கும், தலைப்பை மட்டும் கொஞ்சம் மாற்றியிருக்கலாம், இல்லையா? முதலில் அந்தத் தலையை நிமிர்த்துங்கள்.